வழக்காடுவோர் வாழ்நாளெல்லாம் கற்றல் வேண்டும்

(வழக்கறிஞர் அவையொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

கொத்தன் தன் தொழிலை மறந்தால் சுவர் சாய்ந்து அதனைக் காட்டிவிடும். உழவன் மறந்தால் விளைச்சல் காட்டிவிடும். வழக்கறிஞன் கற்பதை நிறுத்திவிட்டால் அதனைக் காட்டிக்கொடுக்க எதுவுமே இல்லை. வழக்குத் தோற்கிறது, நிலம் போகிறது, நம்பி வந்த எளியவன், நடுவர் சரியில்லை என்றோ, எதிரி பணத்தை வாரியிறைத்து விட்டான் என்றோ, தன் காலம் கெட்டது என்றோ தன்னைத்தானே ஆற்றிக்கொண்டு ஊர் திரும்புகின்றான். தன் வழக்கறிஞர் படிக்காமல் விட்ட ஒரு தீர்ப்பால்தான் தன் நான்கு காணி நிலமும் போயிற்று என்பது அவனுக்குக் கடைசிவரை தெரிவதே இல்லை. இவ் அறியாமைதான் வழக்கறிஞர் தொழிலுக்கு அரணாகவும் இருக்கின்றது, இழுக்காகவும் இருக்கின்றது.

ஆகலின், வழக்காடுவோர் பட்டம் பெற்ற நாளோடு படிப்பை முடித்துக்கொள்ளலாமா, அவர்தம் கல்வி எவ்வாறு தொடர்தல் வேண்டும், எம்மொழியில் தொடர்தல் வேண்டும் என்பவற்றை ஆய்ந்து பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

உரிமையியல் வழக்கின் இயல்பு

முறைமன்றங்களில், அஃதாவது நீதிமன்றங்கள் என்று மக்கள் வழங்கும் இடங்களில், குற்றவியல் வழக்குக்கு உள்ள பரபரப்பு உரிமையியல் வழக்குக்கு இல்லை. செய்தித்தாளில் அதற்கு இடமில்லை. ஆயினும், ஓர் ஊரின் வாழ்வு முழுவதும் அதற்குள்தான் கிடக்கின்றது. வரப்பு, வாய்க்கால், கிணற்றில் நீர் இறைக்கும் முறை, வண்டிப்பாதை, குடியிருக்கும் வீடு, கொடுத்த கடன், மகளின் பங்கு, முதியவர் எழுதிவைத்த இறுதியாவணம் ஆகிய இவையே அதன் பொருள்கள். தாத்தன் தொடுத்த வழக்கைப் பேரன் நடத்துவதும் இங்கேதான்.

இவ்வகை வழக்கில் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் வழக்குத் தொடங்கும் முன்பே, வழக்குரை எழுதப்படும் மேசையிலேயே, முடிவாகிவிடுகின்றன. நான்கெல்லையில் ஒரு திசை மாறினால் போதும். புல எண்ணில் ஓர் உட்பிரிவு விடுபட்டால் போதும். கேட்க வேண்டிய தீர்வைக் கேளாமல் விட்டால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்க. தன் நிலத்தில் பிறர் நுழையாதவாறு உறுத்துக் கட்டளை வேண்டி ஒருவர் வழக்குத் தொடுக்கிறார். எதிர்த்தரப்பு, 'அந்நிலம் உன்னுடையதே அன்று' என்று உரிமையையே மறுக்கின்றது. அந் நிலையில் வெறும் உறுத்துக் கட்டளை மட்டும் கேட்டால் போதுமா, உரிமையை விளம்புகை செய்யுமாறும் கேட்க வேண்டுமா என்பது பழைய கேள்வி. 2008-ஆம் ஆண்டு அனத்துலா சுதாகர் வழக்கில் உச்சமுறைமன்றம் இதனைத் தெளிவாக வகுத்துரைத்தது. உரிமையின்மேல் உண்மையான ஐயம் படிந்திருக்குமாயின் விளம்புகையும் வேண்டும். கைவசமே இல்லையாயின் கைவசத்தை மீட்டுத்தருமாறும் கேட்டல் வேண்டும். கைப்பற்றுக்கு மட்டும் இடையூறு நேருமிடத்து உறுத்துக் கட்டளையே அமையும் என்பது அதன் சாரம். இத் தீர்ப்பைப் படித்தவர் வழக்குரையில் ஒரு பத்தி கூடுதலாக எழுதுவார். படியாதவர், பட்டாவை மட்டும் காட்டிவிட்டு, ஆண்டுகள் பல கழிந்தபின் மேன்முறையீட்டில் தலை குனிந்து நிற்பார். பட்டா வரி தொடர்பான பதிவேயன்றித் தானே உரிமையைத் தந்துவிடுவதன்று என்பதைக்கூட அவருடைய கட்சிக்காரர் அப்பொழுதுதான் கேள்விப்படுவார்.

ஒரு மகளின் பங்கு: முப்பத்தோர் ஆண்டுகளில் எத்தனை மாற்றம்!

சட்டம் கல்லில் வெட்டிய எழுத்தன்று, ஓடும் ஆறு. அதனை உணர, முன்னோர் கூட்டுடைமையில் மகளுக்குள்ள பங்கு ஒன்றைப் பார்த்தாலே போதும்.

1956-ஆம் ஆண்டின் இந்து மரபுரிமைச் சட்டம், தந்தை தாமே ஈட்டிய உடைமையில், அவர் இறுதியாவணம் எழுதாது மறைந்தால், மகனுக்கு ஒத்த பங்கை மகளுக்கும் தந்தது. ஆனால் முன்னோர் வழிவந்த கூட்டுக்குடும்ப உடைமையில் பிறப்பாலேயே பங்காளியாகும் உரிமை ஆண் மக்களுக்கு மட்டுமே இருந்தது. 1989-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் முதல் நடப்புக்கு வருமாறு தமிழ்நாடு செய்த திருத்தம் மகளையும் பிறப்பாலேயே பங்காளி ஆக்கிற்று. அந்நாளுக்கு முன்பே மணமாகிவிட்ட மகளுக்கு அவ்வுரிமை இல்லை என்றும் அது வரையறுத்தது.

பின்னர் 2005 செப்டம்பர் 9-ஆம் நாள் நடுவணரசின் திருத்தச் சட்டம் வந்தது. மணமானவர், ஆகாதவர் என்னும் வேறுபாடு அதில் இல்லை. உடனே அடுத்த கேள்வி எழுந்தது: அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருத்தல் வேண்டுமா? வேண்டும் என்று 2015-இல் பூலாவதி வழக்கில் உச்சமுறைமன்றம் கூறிற்று. வேண்டியதில்லை, அவ்வுரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகத்து 11-ஆம் நாள் வினீதா சர்மா வழக்கில் மூவர் ஆயம் தீர்ப்பளித்து, முந்தைய முடிவை மாற்றிற்று. 2004 திசம்பர் 20-ஆம் நாளுக்கு முன் பதிவு செய்யப்பெற்ற ஆவணத்தாலோ மன்றத் தீர்ப்பாணையாலோ நிகழ்ந்துவிட்ட பிரிவினை அசைக்கப்படாது. வாய்மொழியாகவே பிரித்துக்கொண்டோம் என்னும் கூற்றை எளிதில் ஏற்கலாகாது என்றும் அத்தீர்ப்பு எச்சரித்தது.

இனி எண்ணிப் பார்க்க. 1988-இல் பட்டம் பெற்று, அப்பொழுது கற்றதையே கொண்டு தொழில் நடத்தும் ஒருவரிடம் ஒரு மகள் வருகின்றாள். அவளுக்கு 1985-இல் மணமாயிற்று. தந்தை 2001-இல் மறைந்தார். தமையன் நிலத்தை இன்னும் பிரித்துக் கொடுக்கவில்லை. கற்பதை 1988-இல் நிறுத்தியவர், 'பெண்ணுக்குப் பிறப்புரிமைப் பங்கு இல்லை அம்மா' என்று அனுப்பிவிடுவார். 1989-இல் நிறுத்தியவர், 'முன்பே மணமாகிவிட்டதே' என்பார். 2015-இல் நிறுத்தியவர், '2005-இல் உன் தந்தை உயிரோடு இல்லையே' என்பார். மூவரும் பொய் சொல்லவில்லை. மூவரும் தாம் கற்ற நாளின் உண்மையையே சொல்கின்றனர். ஆயினும் அம் மூவரும் அவளுடைய நிலத்தைத் தமையனுக்கு எழுதிக் கொடுத்தவர்களே ஆவர். 2020-க்குப் பின்னும் படித்தவர் ஒருவரே, 'உட்காருங்கள் அம்மா, பழைய ஆவணங்களை எடுத்து வாருங்கள்' என்று சொல்லத் தக்கவர்.

நடைமுறைச் சட்டமும் சேலத்தின் பங்கும்

பொருட்சட்டம் மாறுவது ஒருபுறம். நடைமுறை மாறுவது மற்றொரு புறம். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் வழக்கு நடைமுறைச் சட்டத்தில் 1999-லும் 2002-லும் செய்யப்பெற்ற திருத்தங்கள் 2002 சூலை 1-ஆம் நாள் நடப்புக்கு வந்தன. எதிருரையை 30 நாளில், தக்க கரணியம் காட்டினால் 90 நாளுக்குள், இடுதல் வேண்டும். சான்றாளரின் முதல் உசாவலை உறுதியுரை ஆவணமாகவே தருதல் வேண்டும். வழக்கு உசாவல் தொடங்கியபின் வழக்குரையைத் திருத்த வேண்டுமாயின், உரிய முயற்சி செய்தும் முன்னரே அதனைக் கொண்டுவர இயலவில்லை எனக் காட்டுதல் வேண்டும். உசாவலின்போது ஒரு தரப்புக்கு மூன்று முறைக்குமேல் நாள் தள்ளிவைத்தல் ஆகாது. இவை அவற்றுட் சில.

இத் திருத்தங்களை எதிர்த்து உச்சமுறைமன்றம் சென்றவர் யார்? தில்லியின் பெருவழக்கறிஞர் அல்லர். சேலம் வழக்கறிஞர் கழகத்தார் என்பது தமிழர் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தி. 2002-லும் 2005-லும் அவ்வழக்கில் வந்த தீர்ப்புகள் திருத்தங்களைச் செல்லும் எனக் கொண்டன. ஆயினும் எதிருரைக்குரிய கால எல்லை வழிகாட்டும் நெறியே. தவிர்க்கவியலா நேர்வில் மன்றம் அதனைத் தளர்த்தலாம் என்றும், நாள் தள்ளிவைத்தலிலும் தரப்பினர் ஆற்றலுக்கு மீறிய நிலைகள் கருதப்படும் என்றும் விளக்கம் பெறப்பட்டது. இந்தியா முழுவதும் உரிமையியல் மன்றங்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு சேலத்தின் பெயரால் வழங்குகின்றது. ஒரு மாவட்ட நகரின் வழக்கறிஞர்கள் கூடிச் சட்டத்தைக் கற்றால் என்ன செய்ய இயலும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆனால், 'எதிருரைக்கு நாள் கேட்டால் கிடைத்துவிடும்' என்று இதனைக் கொண்டு அமைந்துவிடுவாரும் உளர். 2015-ஆம் ஆண்டின் வணிக முறைமன்றச் சட்டம் வந்தபின் அவ்வழக்கம் உயிர்க்கொல்லியாக மாறிவிட்டது. வணிக வழக்கில் 120 நாள் கடந்தால் எதிருரை இடும் உரிமையே அற்றுப்போகும். மன்றமும் இரங்க வழியில்லை என்று 2019-இல் உச்சமுறைமன்றம் கூறிவிட்டது. அச்சட்டத்திற்குட்படும் வழக்கின் குறைந்த மதிப்பு முதலில் ஒரு கோடி உருவாவாக இருந்தது. 2018-இல் மூன்று இலக்கம் ஆக்கப்பெற்றது. அஃதாவது, பெருநகர நிறுமங்களின் வழக்கு மட்டுமன்று. ஒரு சிற்றூர் நெல் வணிகரின் வழக்கும் இன்று அதற்குள் வரக்கூடும். உடனடித் தீர்வு வேண்டாத வணிக வழக்கானால், இடைநின்று இணக்கம் காணும் முயற்சியை முதலில் மேற்கொள்ளாது தொடுத்தல் ஆகாது என்பதும் 2022-இல் உறுதிப்பட்டுவிட்டது. இதனை அறியாதவர் வழக்குரையை எழுதி முத்திரைக் கட்டணமும் செலுத்தியபின், வழக்கே தள்ளப்படுவதைக் காண்பார்.

சான்றுச் சட்டம்: பெயரும் பொருளும்

1872-ஆம் ஆண்டின் சான்றுச் சட்டம் போய், 2024 சூலை 1-ஆம் நாள் புதிய சட்டம் ஆட்சிக்கு வந்தது. அதற்கு இடப்பட்ட பெயர் 'பாரதிய சாக்சிய அதிநியம்' என்பது. ஆங்கில வாசகத்திலும் இப்பெயரே! தமிழர் தம் வாயில் நுழையாத பெயரைத் தாங்கிய சட்டத்தைக் கொண்டே தம் நிலத்தைக் காத்துக்கொள்ள வேண்டிய நிலை. இவ் வல்லாண்மையைக் கண்டித்தல் கடமையே. ஆனால், பெயரைக் கண்டித்துவிட்டு உள்ளடக்கத்தைப் படியாமல் விடுவது கடமையாகாது. பெயரை எதிர்க்கும் தமிழ் வழக்கறிஞரே அதனை மற்றவரினும் நன்கு கற்றிருத்தல் வேண்டும்.

பிரிவு எண்கள் மாறிவிட்டன. மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கூறிய 101-ஆம் பிரிவு இன்று 104 ஆகிவிட்டது. மின்பதிவுச் சான்றுக்குரிய பழைய 65ஆ பிரிவு இன்று 63. எண் மாற்றத்தை மனப்பாடம் செய்துவிடலாம். உள்ளீட்டு மாற்றம் அத்தகையதன்று. கைப்பேசியில் வந்த செய்தியையும், ஒலிப்பதிவையும், கண்காணிப்புப் படக்கருவியின் காட்சியையும் படியெடுத்து மன்றத்தில் இட வேண்டுமாயின் சான்றிதழ் தேவை என்பதை 2014-லும் 2020-லும் உச்சமுறைமன்றம் வற்புறுத்திற்று. புதிய சட்டமோ அச் சான்றிதழை இரு கூறாக்கிவிட்டது. ஒரு கூறில் கருவியைக் கையாள்பவரும், மறு கூறில் வல்லுநரும் கையொப்பமிடல் வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் கணக்கீட்டு அடையாளமும் அதில் இடம்பெறல் வேண்டும். கடன் வாங்கியவன் 'அடுத்த திங்கள் தந்துவிடுகிறேன்' என்று கைப்பேசியில் எழுதிய ஒரு வரிதான் கடன் கொடுத்தவருக்குள்ள ஒரே சான்று என்று வைத்துக்கொள்க. சான்றிதழ் இல்லையேல் அவ்வரி மன்றத்திற்குள் நுழைவதே கடினம்.

இன்னொன்றும் உண்டு. 2024 சூலை 1-க்கு முன்பே தொடங்கி நிலுவையில் உள்ள வழக்குகளுக்குப் பழைய சட்டமே செல்லும். ஆகவே இன்றைய வழக்கறிஞர் காலையில் ஒரு மன்றத்தில் பழைய சட்டத்தையும், மாலையில் மற்றொரு மன்றத்தில் புதிய சட்டத்தையும் கையாள வேண்டியவர். பழையதை மறத்தலும் ஆகாது. புதியதைத் தள்ளிப்போடுதலும் ஆகாது.

எம்மொழியில் கற்பது?

மாவட்ட மன்றமும் அதற்குக் கீழ்ப்பட்ட மன்றங்களும் தமிழில் நடத்தற்குரியவை. 1956-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-இல் செய்யப்பெற்ற திருத்தம், சான்று பதிதலிலும் தீர்ப்பு எழுதுதலிலும் தமிழுக்கு இடம் வகுத்தது. உயர்முறைமன்றத்தில் தமிழ் வேண்டுமெனச் சட்டமன்றம் 2006-இல் நிறைவேற்றிய முடிவு 2012-இல் உச்சமுறைமன்ற நடுவர் முழுக்குழுவால் ஏற்கப்படாது போயிற்று. இராசசுத்தானம், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநிலங்களின் உயர்முறைமன்றங்களில் இந்திக்கு உள்ள உரிமை சென்னையில் தமிழுக்கு இல்லை. அப் போராட்டம் ஓயாது நடத்தற்குரியது.

ஆனால் ஒன்று கேட்டல் வேண்டும். கதவு மூடியிருக்கும் மன்றத்தின் வாயிலில் நின்று தமிழ் தமிழ் என முழங்குவோர், கதவு திறந்தே கிடக்கும் மன்றத்தில் என்ன செய்கின்றனர்? மாவட்ட மன்றத்திலும் உரிமையியல் நடுவர் மன்றத்திலும் தமிழில் வழக்குரை எழுதத் தடையேதும் இல்லை. ஆயினும் மேடையில் தமிழ் முழக்கி இறங்கி, அலுவலகம் சென்று, கட்சிக்காரருக்கு விளங்காத ஆங்கிலத்தில் உறுதியுரை எழுதுவோர் தமிழ்ப் பற்றாளரிடையேயும் உளர். அதன் விளைவு சான்றுக் கூண்டில் தெரியும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு உசாவலில் ஒரே கேள்வி கேட்பார்: 'உங்கள் உறுதியுரையில் என்ன எழுதியிருக்கிறது?' 'தெரியாதுங்க, வக்கீலய்யா கையெழுத்துப் போடச் சொன்னார்.' அவ்வளவே. பல திங்கள் உழைத்துச் சேர்த்த சான்றின் வலிமை அக்கணமே ஆட்டங்கண்டுவிடும்.

சான்றாளர் பேசுவது தமிழ், அதுவும் ஊர்த்தமிழ். அதன் நுண்பொருளை அறிந்தவரே குறுக்கு உசாவலில் வல்லவராதல் இயலும். பங்கு வழக்கில் ஒரு பெண், 'கல்யாணத்துக்கே எல்லாம் செஞ்சுட்டாங்க, நெலத்த அண்ணனுக்கே விட்டுட்டேன்' என்கிறாள் என்க. 'விட்டுட்டேன்' என்பதன் பொருள் யாது? உரிமையையே துறந்தாளா? உழுதுகொள்ளட்டும் என்று இசைந்தாளா? கேட்டுப் பயனில்லை என்று மனம் சலித்தாளா? மூன்றுக்கும் அவ்வொரு சொல்லே. அதனை ஆங்கிலத்தில் 'உரிமை துறந்தேன்' எனப் பொருள்படும் ஒற்றைச் சொல்லாக்கிப் பதிந்துவிட்டால், மேன்முறையீட்டில் அவளுக்கு வாயில்லை. அவள் வழக்கறிஞர் கற்றவராயின் மறு உசாவலில், 'ஏதேனும் எழுதிக் கொடுத்தீர்களா? பதிவகத்துக்குப் போனீர்களா?' என்று கேட்பார். 'இல்லை' என்னும் விடை அவளைக் காக்கும். நூறு உருவாவும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையா உடைமையில் உரிமை துறக்கும் ஆவணம் பதிவு செய்யப்பெறல் வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அன்றோ? இங்கே சட்ட அறிவும் தமிழறிவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. ஒன்றிருந்து மற்றது இல்லையாயின் அப்பெண்ணுக்குப் பயனில்லை.

மன்றத்தில் வழங்கும் சொற்களையும் கற்றே ஆள்தல் வேண்டும். வக்காலத்து, வாய்தா, அமீனா, சப்தி, சிரசுதார் என்பன முகம்மதியர் ஆட்சி விட்டுச் சென்றவை. டிகிரி, அப்பீல் முதலியன வெள்ளையர் விட்டுச் சென்றவை. ஆண்டவர் போயினர், அவர்தம் சொற்கள் அமீனாவின் கைத்தடியாய் இன்னும் உழவன் வாயிலில் நிற்கின்றன. இவற்றுக்கு மாற்றாகத் தீர்ப்பாணை, மேன்முறையீடு, எழுவினா, விளம்புகை, உறுத்துக் கட்டளை, ஏற்றதை ஆற்றுதல் ஆகிய தமிழ்ச்சொற்கள் மன்ற ஏடுகளிலேயே வழக்கூன்றிவிட்டன. இவற்றின் எல்லையைத் துல்லியமாக அறிதல் வேண்டும். மேன்மன்றம் கீழ்மன்ற நடவடிக்கையை நிறுத்திவைப்பது தடையாணை. ஒருவரை ஒரு செயலினின்று விலக்குவது உறுத்துக் கட்டளை. இரண்டையும் 'தடை' என்றெழுதினால் தமிழ் வளர்ந்ததாகாது. வழக்குக் குழம்பிற்று என்றே ஆகும். தமிழில் எழுதிய வழக்குரை பிழையால் தள்ளப்படுமாயின், 'எழுதியவர் பிழை' என்று உலகம் சொல்லாது. 'தமிழால் இயலாது' என்றே சொல்லும். ஆகலின் தமிழில் வழக்காடுவோர் மற்றவரினும் இருமடங்கு கற்றல் வேண்டும்.

தமிழுக்கு இயலாததன்று

தமிழுக்கு வழக்கியல் புதிதோ? பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், திருவெண்ணெய்நல்லூர் அவையில் சுந்தரர்மேல் முதியவர் தொடுக்கும் வழக்கைக் காண்க. கிழித்தெறியப்பட்டது படியோலை, மூலவோலை தனியே காக்கப்பட்டிருந்தது. அவையோர் அதனை வாங்கிப் படிக்கின்றனர். சான்றொப்பமிட்டோர் தம் எழுத்தைப் பார்க்கின்றனர். பாட்டன் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து எழுத்தோடு எழுத்தை ஒப்பிடுகின்றனர். பின்னரே முடிவுரைக்கின்றனர். முதன்மைச் சான்று, வழிநிலைச் சான்று, ஒப்பமிட்டார் சான்று, கையெழுத்து ஒப்பீடு என இன்றைய சான்றுச் சட்டத்தின் உறுப்புகள் அங்கே தமிழில் நடமாடுகின்றன.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. மயிலாடுதுறையில் உரிமையியல் நடுவராக இருந்த வேதநாயகர் (1826–1889) சட்டம் தமிழில் இல்லையே என்று வருந்தி அமையவில்லை. 1805 முதல் 1861 வரையிலான மேன்மன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-இல் வெளியிட்டார். அவர்காலத்து வழக்கறிஞர் கைக்குத் தமிழிலேயே தீர்ப்பு கிடைத்தது. பதவியின் பணிச்சுமைக்கிடையே தனியொருவர் செய்ததை, இன்று பல்லாயிரம் வழக்கறிஞர் கூடிச் செய்யவியலாதோ?

2019 முதல் உச்சமுறைமன்றமே தன் தீர்ப்புகள் சிலவற்றின் தமிழாக்கத்தை வெளியிட்டு வருகின்றது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அவற்றுக்கு ஆங்கில மூலமே அடிப்படை. எனவே ஆங்கிலத் தீர்ப்பை நேரே படித்துப் பொருளுணரும் ஆற்றலையும் தமிழ் வழக்கறிஞர் விட்டுவிடலாகாது. கற்பதற்கு எம்மொழியும் கொள்க. எளியவனுக்காக எழுதவும் பேசவும் அவன் மொழியைக் கொள்க.

கற்பிக்கும் கடமை யாருடையது?

1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டத்தில், தொழிலில் உள்ளோர் தொடர்ந்து கற்றே ஆக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. 2010-இல் கொண்டுவரப்பெற்ற அனைத்திந்தியத் தேர்வும் தொழிலின் வாயிலில் ஒரே ஒரு முறை எழுதப்படுவது. அதன்பின் நாற்பதாண்டு ஒரு நூலைப் பிரிக்காதவரும் வழக்காடலாம். அமெரிக்காவின் மின்னெசோட்டா மாநிலம் 1975-லேயே தொடர்கல்வியைக் கட்டாயமாக்கிற்று. பின்னர்ப் பிற மாநிலங்கள் பலவும் பின்பற்றின. இங்கிலாந்திலோ, ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் எனக் கணக்கிட்ட முறையை வழக்குரைஞர் ஒழுங்காற்று அமைப்பு 2016-இல் கைவிட்டு, அவரவர் தம் குறையை எண்ணிப் பார்த்துக் கற்குமாறு பணித்தது. நாற்காலியில் உட்கார்ந்த நேரம் கல்வியாகாது என்பதே அதனால் பெறப்படும் பாடம்.

சட்டக் கருத்தரங்கும் சொற்பொழிவும் நடத்துதல், சட்ட ஏடுகள் வெளியிடுதல் ஆகியன மாநில வழக்கறிஞர் மன்றத்தின் பணிகளுள் அடங்கும் என்று வழக்கறிஞர் சட்டத்தின் 6-ஆம் பிரிவே கூறுகின்றது. அதனைத் தலைநகரத் தங்கல்மனைகளில் ஆங்கிலச் சொற்பொழிவாகவும் நிழற்படமாகவும் முடித்துவிடாது, வட்டத் தலைநகர்வரை கொண்டு செல்லுமாறு வற்புறுத்தல் வேண்டும். எனினும் அரசையும் மன்றத்தையும் எதிர்பார்த்துக் காத்திருத்தல் வேண்டா. ஒவ்வோர் ஊரின் வழக்கறிஞர் கழகமும் தானே தொடங்கத்தக்க பணிகள் இவை:

1. கிழமைக்கு ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரே ஒரு தீர்ப்பு. இளையவர் ஒருவர் அதனைத் தமிழில் சுருக்கி எழுதிப் படிக்க, மூத்தவர் திருத்துக. ஓராண்டில் ஐம்பது தீர்ப்புகளின் தமிழ்ச் சுருக்கம் அவ்வூரில் திரண்டுவிடும்.

2. திங்களுக்கு ஒருமுறை குறுக்கு உசாவல் பயிற்சி. ஒருவர் சான்றாளராகவும் ஒருவர் வழக்கறிஞராகவும் நின்று, ஊர்த்தமிழில் விடையும் செந்தமிழில் பதிவுமாக நடத்திப் பார்க்க.

3. வழக்குரை, எதிருரை, உறுதியுரை, நிறைவேற்றல் வேண்டுகை, மின்சான்றுச் சான்றிதழ் ஆகியவற்றின் பிழையற்ற தமிழ்ப் படிவங்களைக் கூட்டாக உருவாக்குக. சட்டம் மாறுந்தொறும் அவற்றைப் புதுக்குக.

4. கால எல்லைப் பட்டியல் ஒன்று ஒவ்வோர் அலுவலகச் சுவரிலும் தமிழில் தொங்குக. விற்பனை உடன்பாட்டை ஏற்றபடி ஆற்றுவிக்க மூன்றாண்டு; உரிமைவழிக் கைவசம் மீட்கப் பன்னிரண்டாண்டு; தீர்ப்பாணையை நிறைவேற்றப் பொதுவாகப் பன்னிரண்டாண்டு. நாள் கடந்து வந்தவனை எந்த நாவன்மையும் காப்பாற்றாது.

5. தோற்ற வழக்கைப் பற்றிப் பேசக் கூச்சம் வேண்டா. வென்றதைப் பேசி மகிழ்வதினும், தோற்றது ஏன் என ஆய்வதே கல்வி. பெயர்களை நீக்கிவிட்டுப் பிழையை மட்டும் எடுத்துரைக்க.

6. கையில் காசின்றித் தொழிலுக்கு வரும் சிற்றூர் இளைஞர்க்கும் பெண்டிர்க்கும் மூத்தோர் நூலகத்தைத் திறந்துவிடுக. பதிப்பகச் சட்ட ஏடுகளை விலைகொடுத்து வாங்க இயலாதார் அறிவில் பின்தங்கினால், அவரை நாடிவரும் ஏழையும் உடன் பின்தங்குவான்.

முடிவுரை

வழக்கறிஞர் கற்பது அவர்தம் பெருமைக்காக அன்று. அவருடைய அறியாமைக்கு விலை கொடுப்பவர் அவர் அல்லர். முறைமன்றத் தாழ்வாரத்தில் காலைமுதல் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கட்சிக்காரரே. தம் வழக்கில் என்ன பேசப்பட்டது என்பதை அவர் தம் காதால் கேட்டுத் தம் மொழியில் உணரும் நாள் வருதல் வேண்டும். அந்நாளை அரசாணை மட்டும் கொண்டுவந்து விடாது. சட்டத்தை ஐயமறக் கற்று, அதனைத் தெளிந்த தமிழில் எடுத்துரைக்க வல்ல வழக்கறிஞர் ஊருக்குப் பத்துப்பேர் எழுவாராயின், தமிழால் இயலுமா என்று கேட்க எவருக்கும் வாய் எழாது. பிழையற்ற தமிழ் வழக்குரைகள் ஆயிரமாயிரமாய்க் கீழ்மன்றங்களில் குவியுமாயின், உயர்முறைமன்றத்தின் மூடிய கதவுக்கு அவற்றினும் வலிய தட்டு வேறில்லை.

நாளை காலை மன்றத்துக்குச் செல்லுமுன், ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள கட்டுகளுள் ஒன்றைப் பிரித்து, அவ்வழக்கிற்குரிய சட்டம் தாம் கற்ற நாளில் இருந்தவாறே இன்றும் இருக்கின்றதா என்று பார்ப்பாராக. அதுவே இக்கல்வியின் முதற்பாடம்.